புகை வந்ததா?

அவுஸ்திரேலியாவின் நடுவிலிருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்த முதல் யூலை மாதம். காலை ஆறரை மணிக்கு வாசலில் இருந்த வாளித் தண்ணீரின் மேல்பகுதி கண்ணாடிபோல உறைந்திருந்தது. பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைத்து வந்தோம். இரவில் உறைகிற பாலைவனமும் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மனைவிக்கு ஏழு மணிக்கு வார்ட்டில் வேலை தொடங்கும். நான் வண்டிக்குள் இருந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவேயில்லை.

“என்னப்பா, ரக்சிக்கு அடிக்கட்டே?”

அந்த வாரத்தில் அவள் அப்படிக் கேட்டது மூன்றாவது தடவை.

வண்டி 1994 ஆம் ஆண்டு டொயோட்டா லான்ட் குறூசர், 75 சீரிஸ். பின்பக்கம் நீண்ட பெட்டிபோல இருக்கும் ட்ரூப் கரியர் வகை. இங்கே அதைச் செல்லமாக ‘ட்ரூப்பி’ என்பார்கள். 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், ரேர்போ இல்லாத 1எச்.ஸட். டீசல் எஞ்சின். முன்னுக்கும் பின்னுக்கும் லீஃப் ஸ்பிரிங். டீசலுக்கு 90 லீற்றர் ராங்கி இரண்டு. எஞ்சினை ஆட்டிவைக்க கணினி எதுவும் கிடையாது. நான் வாங்கும்போது நான்கு லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. இந்த எஞ்சினுக்கு அது நடுவயது என்றார்கள். நடுவயதுக்காரருக்கு என்னென்ன வருத்தம் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

ஏன் வாங்கினோம் என்பதையும் சொல்லவேண்டும். மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் இருந்த இரண்டு வருடமும் எங்களுக்கு ஒரு சின்னக் கார் போதும். கறிவேப்பிலையிலிருந்து கருவாடு வரைக்கும் நடந்தே போய் வாங்கலாம். பிறகு மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வடக்கே டார்வினுக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர், தெற்கே அடிலெய்டுக்கும் அதே அளவு, நடுவில் நாங்கள். ஒருநாள் வார்ட்டில் யாரோ அவளிடம், மேற்கே போனால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, அங்கே விசிறி ஓலை மரங்கள் நிற்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், “இஞ்ச பனை இருக்காமப்பா” என்றாள். நகரத்திலிருந்து 140 கிலோமீற்றர் அளவு தூரம்தான். ஆனால் கடைசிப் பகுதி ஃபிங்க் ஆற்றின் படுக்கையோடு போகிறது. நாலு சில்லும் இழுக்கிற வண்டி இல்லாமல் போகக்கூடாது. பனை பார்க்க ஒரு வண்டி வாங்கிய யாழ்ப்பாணத்தார் நாங்களாகத்தான் இருப்போம்.

சரி, ஸ்ராட் ஆகாத கதைக்கு வருகிறேன். டீசல் வண்டி குளிரில் பிடிக்கவில்லை என்றால், ஸ்ராட் பண்ணமுன் எஞ்சினுக்கு உள்ளே சூடேற்றும் குளோ பிளக் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கேள்வி கேட்காமல் ஆறு பிளக்கையும் வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க விரல் தோலைக் கிழித்துக்கொண்டு மாற்றினேன். ஞாயிறு காலை மறுபடியும் அதே கதை.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வாழ்நாளில் பாதியை மாட்டுப் பண்ணைகளில் பம்புகளையும் லொறிகளையும் திருத்திக் கழித்தவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: “சுற்றும்போது புகை வந்ததா?”

நான் பார்த்திருக்கவில்லை. மனைவியைப் பின்னால் நிற்கவைத்துத் திரும்பவும் சுற்றினேன். புகை இல்லை. துளிகூட இல்லை.

அவர் விளக்கியதை இன்றுவரை மறக்கவில்லை. சுற்றும்போது குழாயால் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் குளோ பிளக்கைச் சந்தேகிக்கவேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. பிளக்கைத் தங்கத்தில் செய்து பூட்டினாலும் பிடிக்காது. அதுவும், பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பற்றறியின் பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு சோதனை பல்ப்பை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டாலே போதும். பல்ப் எரியாத பிளக் உள்ளே அறுந்த பிளக். நான் எறிந்த ஆறையும் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துச் சோதித்தேன். ஆறும் எரிந்தன.

பிறகு அவர் ஃபில்ரருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை அமுக்கச் சொன்னார். முதல் பத்துப் பன்னிரண்டு அமுக்கலும் பஞ்சுபோல இருந்தது. பிறகு இறுகியது. சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. எங்கேயோ காற்று இழுக்கிறது, இரவில் டீசல் பின்னுக்கு வடிந்து ராங்கிக்கே போய்விடுகிறது என்றார். எங்கள் வாசல் சரிவு. வண்டியை மூக்கு மேலே பார்க்க நிறுத்துவது என் வழக்கம். வடிவதற்கு அதைவிட வசதி வேண்டுமா?

எந்த இடத்தில் காற்று இழுக்கிறது என்பதை எப்படிப் பிடிப்பது என்று அவர் சொல்ல வாய் திறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அது அப்பாவின் வித்தை.

அப்பா நெல்லியடியில் ஒஸ்ரின் ஏ-40 வைத்து ஹயர் ஓடியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்தில் பெற்றோலைப் போத்தல் கணக்கில், கேட்ட விலைக்குத்தான் வாங்கவேண்டும். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. சில துளி பெற்றோலைக் கொடுத்து ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தத் துளிகளுக்கு அப்பா சேலைன் குழாய் ஒன்றைப் பூட்டியிருந்தார். என் வேலை பொனற்றுக்குப் பக்கத்தில் நின்று குழாயைப் பார்ப்பது. “குமிழி வருதோ பார்” என்பார். குமிழி வந்தால் மூட்டு எங்கோ காற்று இழுக்கிறது.

சேலைன் குழாய்க்குப் பதிலாக டீசல் தாங்கும் தெளிந்த குழாய் அரை மீற்றர் வாங்கினேன். ஃபில்ரருக்கு வரும் வழியில் அதை இடையில் பூட்டி எஞ்சினை ஓடவிட்டேன். மணிமணியாகக் குமிழிகள் ஓடின. பின்னுக்கிருந்து ஒவ்வொரு மூட்டாகத் தேடிப்போனால், ஒரு கிளிப்புக்கு அடியில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. டீசல் வெளியே ஒழுகவில்லை. எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கத்தில் உறிஞ்சல்தான் இருக்கும் என்பதால் வெளிக்காற்று உள்ளே போனது. ஒரு சாண் குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றினேன். ரக்சிக்கு ஒருமுறை கொடுக்கும் காசுகூட முடியவில்லை.

அந்தக் கோடையில் அடுத்தது சூடு. 42 பாகை வெயிலில், நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டால் ஊசி ஏறும். நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால் மெல்ல இறங்கும். இந்த முறை பாகம் வாங்க ஓடவில்லை. நின்றால் சூடேறி, ஓடினால் குளிர்ந்தால் எஞ்சின் சுற்றும் விசிறியின் மையத்தில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்கைப் பார்க்கவேண்டும். நின்றால் குளிர்ந்து, ஓடினால் சூடேறினால் றேடியேற்றர் அடைத்திருக்கிறது. என்னுடையது இரண்டாவது. வெளியே புல் விதைகள் கம்பளிபோல அடைந்து கிடந்தன. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னுக்குத் தள்ளும் விதமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் வந்துவிடும். அழுத்தம் கூடினால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். அதே கையோடு வண்டிக்கு அடியிலும் பார்த்தேன். சைலன்சருக்கு மேல் ஸ்பினிஃபெக்ஸ் புல் சேர்ந்திருந்தால் வண்டியே தீப்பிடிக்கும் நாடு இது.

உள் அடைப்பைக் காட்டித் தந்தது எங்கள் கேத்தல். இங்கே குழாய்த் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர்போலவே கடினம். கேத்தலின் அடியில் வெள்ளைச் சுண்ணப் படிவு கட்டும். றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டேன். அதே வெள்ளை. முந்தைய சொந்தக்காரர் கூலன்ற் வாங்கும் காசை மிச்சம்பிடித்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓடியிருக்கிறார். உள்ளே துப்புரவாக்கக் கொடுத்துவிட்டு, கூலன்றை வடித்த நீரோடு கலந்து ஊற்றினேன். ஊசி அதன் இடத்தில் நின்றது.

அதே மனிதர் இன்னொன்றும் செய்திருந்தார். இந்த எஞ்சினுக்கு, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் ரைமிங் பெல்ற் ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றவேண்டியது. நேரம் வந்ததும் டாஷ்போர்டில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும். பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். என் வண்டியில் அந்த விளக்கு ஒருநாளும் எரியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் பல்ப்பே இல்லை. பெல்ற் எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய டீசல் வாங்குகிறவர்கள், விற்பவர் கோவில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாலும், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

முன் அச்சுதான் என்னை நன்றாக வேலை வாங்கியது. அலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வட பிராந்தியத்தில் பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் சோதனை உண்டு. அதற்கு முன் நானே ஒருமுறை பார்ப்போம் என்று ஜாக் வைத்துத் தூக்கினேன். ஒரு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டக், டக்’ என்றது. அது சில்லு பேரிங்கா, ஸ்ரியரிங்கோடு சில்லு திரும்பும் உருண்டைக்குள் இருக்கும் பேரிங்கா? மனைவியை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் சில்லு பேரிங், நிற்காவிட்டால் மற்றது. நிற்கவில்லை. உருண்டையின் வெளியிலும் எண்ணெய் கசிந்திருந்தது. அச்சின் உட்பக்கத்து சீல் தேய்ந்தால் கியர் ஒயில் உள்ளே வந்து கிறீஸோடு கலந்துவிடும். திறந்தபோது கிறீஸ் இல்லை, கறுத்த ஒடியல் கூழ்தான் இருந்தது. அந்த நாற்றம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகவில்லை.

அங்கே சில்லு பேரிங்கை இறுக்கும் பெரிய நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கற் வேண்டும். முன்பு யாரோ உளியும் சுத்தியலும் வைத்து அடித்தே கழற்றியிருந்தார்கள். நட்டின் முகமெல்லாம் காயம். நான் சொக்கற் வாங்கினேன். இரண்டு வார இறுதி, இரண்டு பக்கமும், புதிய சீல், புதிய பேரிங், புதிய கிறீஸ். மனைவி ஒரு சேலைத் துண்டையும் பழைய சாரம் ஒன்றையும் துடைக்கத் தந்தாள். சாரம் அப்பாவுடையது. பிறகுதான் கவனித்தேன்.

வைகாசியில், குளிர் முற்றாமல் வெயிலும் தணிந்திருந்த ஒரு காலை, பனை பார்க்க வெளிக்கிட்டோம். புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டாள். ஹெர்மன்ஸ்பேர்க் வரைக்கும் தார் வீதி. பிறகு ஆற்றுப் படுக்கை. ரயர் காற்றைக் குறைத்தேன், நாலு சில்லுக்கும் லீவரைப் போட்டேன், வீரமாக மணலில் இறங்கினேன். நூறு மீற்றர் போகமுன் வண்டி வயிறு நிலத்தில் பட இருந்துவிட்டது. பின் சில்லுகள் கிணறு வெட்டின. முன் சில்லுகள் சும்மா நின்றன.

இறங்கிப் பார்த்து என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இந்த வண்டியில் லீவர் மட்டும் போதாது. இறங்கிப்போய் இரண்டு முன் சில்லின் நடுவிலும் இருக்கும் குமிழைக் கையால் ‘லொக்’ பக்கம் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அச்சு வீணாகச் சுற்றும், சில்லுக்கு வராது. கழற்றிப் பூட்டிய என் கைக்கே அது மறந்துபோயிற்று. குமிழைத் திருப்பி, மணலை வாரி, ரயர் காற்றை இன்னும் குறைத்ததும் தவளைபோல ஏறி வந்தது.

மரங்கள் சிவந்த பாறைகளுக்கு நடுவே உயரமாக நின்றன. மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஓலை பனை மாதிரித்தான். ஆனா பனையில்லையப்பா” என்றாள். காய் சின்னச் சின்னக் கறுப்பு உருண்டை, நுங்கும் இல்லை. இந்த மரங்களின் நெருங்கிய சொந்தம் ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே மட்டரங்காப் பக்கம் நிற்கிறது. விதையை மனிதர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்று 2012 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. விதை வடக்கிலிருந்து வந்தது என்ற கதை இந்த மண்ணின் பூர்வகுடிகளான அறண்ட மக்களிடம் முன்பே இருந்திருக்கிறது. ஹெர்மன்ஸ்பேர்க்கில் இருந்த ஜெர்மன் பாதிரியார் கார்ல் ஷ்ட்ரேலோ 1894 இலேயே அதை எழுதிவைத்தார். மனைவி அதைக் கேட்டுக்கொண்டே கீழே விழுந்து கிடந்த ஓலை ஒன்றைக் கையில் எடுத்து, அதன் மடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள். தேசியப் பூங்கா, எடுக்கக்கூடாது என்றேன். வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து தார் ஏறியதும் ரயருக்குக் காற்றடிக்க நிறுத்தினேன். கிழவர் பழக்கிய பழக்கம்: இறங்கியதும் நாலு சில்லின் நடுவிலும் கை வைத்துப் பார்ப்பது. மூன்றில் இளஞ்சூடு. வலது முன் சில்லில் கை வைத்து எடுக்கமுன் சுட்டுவிட்டது. பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறேன். அது நான் பூட்டியது, வேறு யாரையும் சொல்ல முடியாது.

“என்னவாம்?” என்றாள் மனைவி, கடைசி முட்டையை உரித்துக்கொண்டு.

“ஒண்டுமில்லை. அம்பதிலை மெல்லமாப் போவம்” என்றேன். 54 மில்லிமீற்றர் சொக்கற் வீட்டில்தான் இருந்தது.