இங்கே முப்பத்தெட்டு, அம்மாவுக்கு நூறு

"ஆக்டிவ், அலெர்ட், ஏஃபெப்ரைல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டாக்டர் கணினியில் தட்டினார். முதல் இரண்டு சொல்லும் புரிந்தன. மூன்றாவது என் காதில் "எ ஃபெப்ரைல்" என்று விழுந்தது. மடியில் நான்கு வயது மகள். இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு அன்று விடியற்காலையில்தான் வியர்த்து, உடம்பு குளிர்ந்திருந்தது. பாலர் பள்ளியில் கேட்பார்களே என்று ஒரு தடவை காட்டிவிட்டுப் போக வந்திருந்தோம். டாக்டர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சிங்கப்பூரின் யீஷூன் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தேடினேன். ஃபெப்ரைல் என்று மட்டும் போட்டேன். முதலில் வந்தது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும், பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், பயப்படும்படி பின்விளைவு இருக்காது என்று கீழே ஆறுதலாகத்தான் எழுதியிருந்தது. என் கண் அதுவரை போகவே இல்லை. வலிப்பு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் பாம்பைப் பூச்சி என்றுதான் சொல்லுவார்கள். அதே மாதிரி ஜன்னியைப் பாட்டி ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. "அது கண்டுருச்சுன்னா கஷ்டம்" என்பாள், அதுவும் பகலில்தான். விளக்கு வைத்த பிறகு அந்தப் பேச்சே கிடையாது. பட்டுக்கோட்டைப் பக்கத்து வீட்டில் இருந்த அந்தப் பயம் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பதினோராவது மாடிக்கு ஏறி வந்துவிட்டது. கணவருக்கு அன்று துவாஸில் நைட் ஷிஃப்ட். மகள் நிம்மதியாகத் தூங்கினாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாலை லிஃப்டில், இரண்டு மாடி கீழே இருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண்ணைப் பார்த்தேன். ஈப்போக்காரி, இங்கே தாதியாக வேலை பார்க்கிறாள். மெதுவாகக் கேட்டேன். "அக்கா, முன்னால ஒரு ஏ இருக்கு பாருங்க. ஏஃபெப்ரைல்னா காய்ச்சல் இல்லைன்னு அர்த்தம். பாப்பா நல்லா இருக்குன்னுதான் டாக்டர் எழுதியிருக்காரு" என்றாள். லிஃப்டில் நின்றபடியே அழுதுவிட்டேன். அவள் தன் தளத்தில் இறங்காமல் என்னோடு மேலே வந்து, டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

நீதிக்கு முன்னால் 'அ' போட்டால் அநீதி, சுத்தத்துக்கு முன்னால் போட்டால் அசுத்தம். கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அந்த 'ஏ'யும் வடமொழியிலிருந்து நமக்கு வந்த இந்த 'அ'வும் ஒரே வேரில் பிறந்தவை என்று பின்னால் படித்தபோது, தெரிந்த பிள்ளையை வெளியூரில் பார்த்தது போல இருந்தது.

அதிலிருந்து அந்தச் சொல்லை நான் விடவில்லை. லத்தீனில் ஃபெப்ரிஸ் என்றால் காய்ச்சல். அதிலிருந்து வந்தது ஃபெப்ரைல். பிரிட்டிஷ்காரர்கள் ஃபீபிரைல் என்று இழுத்துச் சொல்கிறார்கள். மருத்துவர்கள் அளந்து பார்த்துவிட்டு எழுதும் சொல் அது. வீட்டில் புழங்குவது ஃபீவரிஷ். காய்ச்சல் இருக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் அளக்கவில்லை. அல்லது அளந்தும் எண் ஏறவில்லை, ஆனாலும் உடம்பு சரியில்லை. அதற்குத்தான் அந்தச் சொல். இரண்டு சொல்லும் நோயை விட்டு வெளியேயும் நடமாடும். வேலை ஃபீவரிஷாக நடக்கிறது என்றால் கை கால் பரபரக்கிறது என்று பொருள். ஒரு ஊரின் அரசியல் சூழலை ஃபெப்ரைல் என்று பத்திரிகையில் எழுதினால், ஆட்கள் நரம்பு முறுக்கேறிக் கிடக்கிறார்கள், எது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்று பொருள். நமக்கு இது புதிதில்லை. தேர்தல் ஜுரம் நமக்கும் உண்டு, அனல் பறக்கும் பிரச்சாரமும் உண்டு.

ஆனால் ஃபீவரிஷ் என்பதற்குத் தமிழில் என்ன என்று யோசித்தபோது பல நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காய்ச்சலான, ஜுரமான என்று எதைப் போட்டுப் பார்த்தாலும் ஒட்டவில்லை. நாம் அப்படிப் பேசுவதே இல்லை. உடம்பு காயுது என்கிறோம். நிலா காய்கிற மாதிரி, வெயில் காய்கிற மாதிரி உடம்பும் காய்கிறது. அதிலிருந்துதான் காய்ச்சல் என்ற சொல்லே வந்தது. பாலைக் காய்ச்சுகிறோம், கஞ்சி காய்ச்சுகிறோம், வாத்தியார் பையனைக் காய்ச்சி எடுக்கிறார், நாம் நன்றாக இருப்பது பொறுக்காதவனுக்கு நம் மேல் ஒரு காய்ச்சல். எல்லாம் ஒரே அடுப்பில் வேகும் சொற்கள்.

அப்புறம் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் தானாக வந்தது. "உடம்பு கணகணன்னு இருக்குடி, இன்னிக்குப் பள்ளிக்கூடம் போவாத." கணகண! அதுதான் ஃபீவரிஷ். தெர்மாமீட்டர் பக்கம் போகாத சொல். கை மட்டும் சொல்லும் சொல். கதகதப்பைத் தாண்டி, அனலாய்க் கொதிப்பதற்கு முன்னால் இருக்கும் அந்த இடத்தைச் சரியாகத் தொடும் சொல். குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

இங்கே எல்லாம் எண்தான். பாலர் பள்ளி வாசலில் தினமும் காலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஆசிரியை நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டுவார். பிறகு பிள்ளைகள் வாயைத் திறந்து காட்ட வேண்டும், உள்ளங்கையைத் திருப்பிக் காட்ட வேண்டும். கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வரும் நோய் பரவாமல் இருக்கத்தான் அது. என் மகள் இதைப் பெரிய மரியாதையோடு செய்வாள், கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டுகிற மாதிரி. பக்கத்துப் புளோக்கில் இருக்கும் இவ்வூர்த் தமிழ்ப்பெண் ஒருத்தி, 2003இல் சார்ஸ் வந்தபோது பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்ததையும், வகுப்பே ஒரே நேரத்தில் அதை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததையும் சொல்லியிருக்கிறாள். இந்த ஊர் எண்ணை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த எண் அம்மாவிடம் செல்லுபடியாகவில்லை. அந்தக் காய்ச்சலின் முதல் ராத்திரி, இங்கே மணி ஒன்று, ஊரில் பத்தரை. படுக்கப் போன அம்மா வீடியோவில் வந்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

"முப்பத்தெட்டு புள்ளி ஒன்பதும்மா."

"முப்பத்தெட்டா? நூறே இல்லையா?"

"இங்க செல்சியஸ்மா. ஊர்க் கணக்குல நூத்தி ரெண்டு."

அம்மா முகம் மாறிவிட்டது. "அதைத் தூரப் போடு. புறங்கைய வெச்சுப் பாரு. நெத்தியில வேணாம், கழுத்துக்குக் கீழ வை. காலைத் தொடு, சில்லுன்னு இருக்கா?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னும் ஏறும். முழிச்சிரு."

அரை மணி நேரத்தில் 39.5 ஆனது. ஏறுகிற காய்ச்சலில் உடம்பு கை கால்களிலிருந்து ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால்தான் பாதம் சில்லிடுகிறது என்று ஈப்போப் பெண் பிறகு விளக்கினாள். அம்மா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. மூன்று பிள்ளைகளின் காலைத் தொட்டுப் படித்தது அது.

எங்கள் வீட்டிலும் தெர்மாமீட்டர் இருந்தது. அப்பாவின் மேசை இழுப்பறையில், நீல மூடி போட்ட சின்னக் குழாயில். அவர் அதை எடுத்து மணிக்கட்டை வெட்டி வெட்டி உதறுவார். பாதரசம் இறங்கிவிட்டதா என்று டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, விரலிடுக்கில் மெல்ல உருட்டுவார். ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளிக்கோடு பளிச்சென்று தெரிந்து மறையும். எனக்கு ஒருநாளும் அது கண்ணில் பட்டதில்லை. அக்குளில் அது சில்லென்று இருக்க, அடுக்களையிலிருந்து மிளகு ரசம் கொதிக்கும் வாசனை வரும். சுட்ட அப்பளமும் கஞ்சியும் வரும். காய்ச்சல் வந்தால்தான் ஹார்லிக்ஸ்.

இங்கே ஹார்லிக்ஸுக்குப் பதில் பார்லித் தண்ணீர். எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது இரண்டே சொற்கள்: ஹீட்டி, கூலிங். மகள் இருமினால் பாட்டி கதவைத் திறந்து "ஹீட்டி, ஹீட்டி" என்பார், டுரியான் கொடுத்தாயா என்று சைகையில் கேட்பார். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று வளர்ந்த எனக்கு அகராதியே தேவைப்படவில்லை. அவரோடு ஒருநாள் சீன மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்ததும் நிலவேம்பு! ஊரில் 2012இல் டெங்கு பரவியபோது தெருவுக்குத் தெரு வைத்து ஊற்றினார்களே, அதே கசப்பு. மலாயில் அதன் பெயர் ஹெம்பெடு பூமி. ஹெம்பெடு என்றால் பித்தம். பூமி நம் பூமிதான். நமக்கு நிலத்து வேம்பு, அவர்களுக்குப் பூமியின் பித்தம்.

இங்கே டெங்குவைத் தமிழில் டெங்கி என்கிறார்கள். 2022இல் 32,000 பேருக்கு மேல் வந்த வருடம், எங்கள் புளோக்கின் கீழே சிவப்பு அறிவிப்பு தொங்கியது. சிவப்பென்றால் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ என்று கணக்கு. அதில் என் கணவரும் ஒருவர். ஐந்தாம் நாள் காலை 36.8. ஏஃபெப்ரைல் என்று நானே சொல்லி, ரசம் வைக்க மிளகை இடித்தேன். அன்று ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, காய்ச்சல் விட்ட இந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்கியில் கவனமாக இருக்க வேண்டிய நேரம், வயிறு வலித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ உடனே வாருங்கள் என்றார் டாக்டர். எவ்வளவோ நிம்மதி தந்த அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு முகம். அந்த இரண்டு நாளும் மணிக்கொரு தரம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். தேறி வந்துவிட்டார்.

இப்போது பழகிவிட்டது என்றுதான் சொல்லுவேன். செல்சியஸிலேயே யோசிக்கிறேன். வரவேற்பில் ஃபீவரிஷ் என்று எப்போது சொல்வது, ஃபீவர் என்று எப்போது சொல்வது என்று தெரியும். போன மாதம் எனக்கே உடம்பு கணகணத்தது. கருவி 37.6 காட்டியது. ஒன்றுமில்லை என்று அதை வைத்துவிட்டு, புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையும் அதே சூட்டில்தானே இருக்கிறது. மகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போயிருந்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன், அடுக்களைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கம் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்றைச் சோறு தடவி ஒட்டியிருந்தது. நீல மையில் அம்மாவின் குண்டுக் கையெழுத்து. 38 – நூறு. 39 – நூத்தி ரெண்டு. 40 – நூத்தி நாலு. அதற்குக் கீழே என் நம்பர், முன்னால் 65 போட்டு. அதற்கும் கீழே: மணி ரெண்டரை கூட்டிக்கணும்.