திண்ணையில் ஞாயிறு மாலை: மஞ்சக்குப்பம் நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

பள்ளிகள் திறந்து ஒரு வாரம் முடிந்த நிலையில், இன்று மாலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் பெற்றோர் ஏழு பேர் கூடினார்கள். எல்லோர் வீட்டிலும் பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய எனக்குத் தகுதி உண்டா என்ற தயக்கம் இன்னும் தீரவில்லை. சென்ற ஆண்டு பக்கத்துத் தெருப் பெண்ணொருத்தி, மகன் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறான் என்று வாசலில் நின்று புலம்பியபோது, பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டு என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவளும் அப்படியே செய்தாள். பையன் இருபது நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு பாடம் நடத்திய வாய்க்கு அறிவுரை தானாக வந்துவிடுகிறது. ஆகவே, ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் யாரும், நான் உட்பட, வழி சொல்லக்கூடாது என்ற ஒரே விதியோடு தொடங்கினோம்.

முதல் அரை மணி நேரம் மதிப்பெண் பேச்சிலேயே கழிந்தது. பிறகு ஒரு தாய், "சொந்தக்காரங்க முன்னாடி என் பொண்ணு முறைக்கிறா டீச்சர். வளர்ப்பு சரியில்லைன்னு அவங்க சொல்லிடுவாங்களோன்னு பயந்துதான் நான் கத்துறேன்" என்றார். அதன்பின் யாரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கும் அம்மா ஒருவர் மட்டும் தூணில் சாய்ந்தபடி கடைசி வரை வாய் திறக்காமல் இருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால்தான் வர முடிந்தது என்று புறப்படும்போது சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தந்தை இன்று பேசினார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கணக்கு டியூஷன். பையன் இரவு பன்னிரண்டுக்கு முன் படுப்பதில்லை, காலையில் எழுப்பினால் எழுவதுமில்லை. தண்ணீர் தெளித்து, போர்வையை உருவி, ஒருநாள் கை நீட்டவும் செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முடித்த பிறகு, எனக்குத் தெரிந்த விலங்கியலைச் சொன்னேன். இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயாராக்குகிறது. பருவ வயதில் அந்தச் சுரப்பு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் தள்ளிப்போவதால், ஒன்பது மணிக்குப் படு என்றாலும் கண் மூடாது. இரவில் முகத்தருகே ஒளிரும் செல்போன் திரை அதை இன்னும் தள்ளிப்போடுகிறது. இந்த வயதுக்குத் தேவையான தூக்கமோ எட்டு முதல் பத்து மணி நேரம். அந்தப் பையனுக்குக் கிடைப்பது ஐந்துகூட இல்லை.

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா, நான் சி ஷிப்ட் முடிச்சு வந்து படுத்ததும் கேஸ்காரன் பெல் அடிச்சா எனக்கு எப்படி இருக்கும், அந்த மாதிரியா டீச்சர் அவனுக்கு?" என்று கேட்டார். இரவு பத்து மணிக்குப் போய்க் காலை ஆறு மணிக்கு வெளியே வரும் மனிதர் அவர். பகலில் தன்னை எழுப்பக்கூடாது என்பதற்காக வீட்டில் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்து வைப்பார்களாம். நான் சொன்ன சுரப்பியும் ஹார்மோனும் பிடிபடாத மற்றவர்களுக்கு, அந்த ஒரு கேள்வியில் எல்லாம் பிடிபட்டுவிட்டது.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பினியல் சுரப்பியை எத்தனையோ ஆண்டு இரண்டு மதிப்பெண் வினாவாகவே எழுதவைத்திருக்கிறேன். அதே வகுப்பில், முதல் பாடவேளையில், கடைசி பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கியவர்களை வெளியே நிறுத்தியுமிருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

மகள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய செல்போனைத் திறந்து பார்த்துவிட்ட தாய் ஒருவர், அதில் ஒரு பையனின் செய்திகளைக் கண்டிருக்கிறார். கணவருக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும், மகளிடம் கேட்டால் திருட்டுத்தனமாகப் பார்த்தது வெளிப்பட்டுவிடும் என்ற இரண்டு பயங்களுக்கு நடுவே பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய நாத்தனாரோ விஷயம் தெரியாமலேயே, ‘காலாகாலத்தில் கட்டிக்கொடுத்துவிடு’ என்று ஓதிக்கொண்டிருக்கிறாராம். பெண்ணுக்குப் பதினாறு வயது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும், யாராவது வற்புறுத்தினால் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம் என்பதையும் உடனே சொன்னேன். சில இடங்களில் எங்கள் விதியை மீறத்தான் வேண்டியிருக்கிறது.

மற்றதை ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை சொன்னார். அவருடைய மகளும் முன்பு எதையும் சொல்லாதவளாம். வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது மட்டும் தானாகப் பேசத் தொடங்கினாளாம். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம் என்றார். முதலில் பார்த்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள், மற்றதைப் பிறகு பேசுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்பா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். நான் ஆட்டோக்காரர் பக்கம்.

ஜூலை 20, ஞாயிறு

திடீர் மழை, மூன்று பேர்தான் வந்தார்கள். அவர்களில் மீன் விற்கும் அம்மாவும் ஒருவர்; கூடையைத் திண்ணைக்குக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போலத் தூணருகே உட்கார்ந்தார்.

எல்லாமே வயசுக் கோளாறுதானே என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான். ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபத்தைந்து வயதுவரைகூட ஆகலாம் என்பதால், வெடுக்கென்று பேசுவதும் கதவைச் சாத்திக்கொள்வதும் இந்தப் பருவத்தோடு வருபவை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே கிடப்பது, சாப்பாடும் தூக்கமும் மாறிப்போவது, உயிராக விளையாடிய கிரிக்கெட்டைக்கூட விட்டுவிடுவது, நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நிம்மதி என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை, கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே பிள்ளைக்குத் தெரியவரும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பற்றியும், 2022 அக்டோபரில் தொடங்கி இரவும் பகலும் இயங்கும் டெலி மானஸ் என்ற இலவச உதவி எண்ணைப் பற்றியும் சொன்னேன். பெற்றோரும் தங்களுக்காக அதில் பேசலாம் என்றபோது அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். மழை விட்டதும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று முன்தினம் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகி, இந்த ஆண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்துவிட்டதால், திண்ணை முழுக்க அதே பேச்சு. பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். இனி அசட்டையாகிவிடுவார்கள் என்று பெற்றோர் புதிதாகக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். சிப்காட் தந்தை, டியூஷனை மாலை நேரத்துக்கு மாற்றிவிட்டதாகவும், செல்போனைப் பற்றிய சண்டை மட்டும் அப்படியே இருப்பதாகவும் சொன்னார்.

எல்லோரும் போன பிறகும் மீன் விற்கும் அம்மா எழவில்லை. "அந்த நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இன்று இரவு வீட்டில் பயப்படும்படி ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். நாள்காட்டியின் தாளொன்றைக் கிழித்து, அதன் பின்புறம் 14416 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைச் சுருக்குப்பையில் வைக்கப் போனவர், சற்று நின்று, இங்கிருந்தே பேசலாமா என்றார். எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் நான் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.