கச்சான் காத்து எத்தின மணிக்கு?

"கச்சான் காத்து எத்தின மணிக்கு புள்ள?"

எங்கட சமூக வானொலியின் கோடைகால நிகழ்ச்சி நிரலை இன்று மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் பாட்டு, பின்னேரம் சிறுவர் நேரம், இரவில் கூத்து. முழுக்கக் கேட்டுவிட்டு, கோடையில் வீசும் தென்மேற்குக் காற்றான கச்சானைப் பற்றி இதைத்தான் கேட்டார்.

வாவிக்கரையில் கிழிந்த வலை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ. பற்றரி மூடி எப்பவோ தொலைந்துபோய், நைலோன் நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறார். முடிச்சும் வலை முடிச்சுத்தான்.

கச்சான் எழும்பினால் வாவியில் தோணி விடுவது பெரும்பாடு. கோடை நெல் விளைச்சலான சிறுபோகத்துக்குத் தண்ணி. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு.

நிரலில் இதில் ஒன்றுமே இல்லை. (எழுதினது நான்தான். ஆரைக் குறை சொல்ல?)

இலங்கை மலைநாட்டின் கொத்மலை சமூக வானொலி 1990களின் இறுதியில் தொடங்கிய இணையத் திட்டம் ஞாபகம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியிலேயே பதில் சொல்வார்கள். அங்கே ஊர் கேட்டது, நிகழ்ச்சி பிறகு வந்தது. நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

காலை ஐந்தரைப் பாட்டை வெட்டினேன்.

"காத்தப் பத்தி நீங்களே வந்து சொல்லுங்க மாமா."

"காசு தருவீங்களா?"

"பிளேன்ரீ தருவம்."

வலை ஊசியை வாயில் கடித்தபடி சிரித்தார்.