சோலார் கடைசியில், முதலில் மொட்டை மாடி

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் சோலார் பேனல் ஏறியதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், நாமளும் போட்டிரலாமா? 78,000 மானியமாம்ல?" அறிவியல் டீச்சர் என்றால் கரண்டு விஷயமும் அத்துப்படியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. தாராளமாகப் போடுங்கள், ஆனால் கடைசியாகப் போடுங்கள் என்பதுதான் என் பதில்.

விருதுநகர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க கான்கிரீட் தளம் வாங்கி வைத்த சூடு, ராத்திரி நாம் படுக்கப் போகும் நேரத்துக்குத்தான் வீட்டுக்குள் இறங்கும். வெளியே காற்று ஆறியிருக்கும், உள்ளே ஃபேன் அனலை அள்ளிக் கொட்டும். ஏசி போட்டாலும் அது முதலில் மல்லுக்கட்டுவது தளத்தோடுதான். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கனமாக இடித்துப் போட்டு, மேலே தட்டை ஓடுகளைப் பதித்தார்கள். எங்கள் வீட்டில் வெறும் கான்கிரீட், மேலே சிமெண்ட் பூச்சு, அவ்வளவுதான்.

அதனால் வருஷா வருஷம் மாசி கடைசியில் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். முதல் நாள் சாயங்காலமே கல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தரையை நனைத்துவிட்டு இரண்டு கை அடிக்க வேண்டும். வெயில் ஏறும் முன்னால் முடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வெள்ளைத் தரையின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும் என்பது உண்மைதான். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ் இருக்கிறது, ஆனால் ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டுப் பதியுங்கள். சுண்ணாம்பில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வருத்தம். "ஏம்மா, வத்தல் முன்ன மாதிரி சுருக்காக் காய மாட்டேங்குதே" என்கிறார் அத்தை. தரை சுடவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

அடுத்தது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்திலேயே 30 வாட் பக்கம்தான். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். ஹால், இரண்டு படுக்கையறை என்று மூன்று மாற்றினால் 130 யூனிட் கிட்ட வரும். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லுங்கள், இது அதோடு ஒத்துப்போகாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ரிமோட்தான். அது தலையணைக்கு அடியில் போய்விடுவது தனிக் கதை.

இந்த 130 யூனிட்டின் அருமை ஈபி பில்லில்தான் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! ஏனென்றால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையான யூனிட்டும் 2.25-க்குப் பதில் 4.50 ஆகிவிட்டது. 500-க்கு மேல் ஓடியது 8 ரூபாயில் தொடங்கியது. பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, 500-இல் இருக்கிற அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறித்துவைப்பது எங்கள் வீட்டில் வழக்கம். எண் முந்திக்கொண்டு ஓடினால் அந்த வாரமே தெரிந்துவிடும்.

ஏசியை 26-இல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ-யே சொல்கிறது. எங்கள் வீட்டுக்காரர் 20-க்கு மேல் வைக்கவே கூடாது என்று சண்டை போட்டவர், சுண்ணாம்பு அடித்த பிறகு அவரே போர்வை கேட்கிறார். செட்டாப் பாக்ஸை சுவிட்சில் அணைப்பது, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது எல்லாம் சில்லறைதான். செய்யுங்கள், ஆனால் அதிலேயே பில் பாதியாகும் என்று நம்பாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் சோலாருக்கு வாருங்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000. மூன்றாவதுக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 18,000, அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000-தான். ஒரு கிலோவாட் நம் பக்கத்தில் ஒரு நாளைக்கு 4 யூனிட் அளவுக்குத் தரும். செலவைக் குறைத்த வீட்டுக்கு 2 கிலோவாட்டே தாராளம். குறைக்காமல் போனால் விற்க வருகிறவர் பழைய பில்லைப் பார்த்து மூன்று, நான்கு என்றுதான் எழுதுவார். மானியம் பேனல் மாட்டி, மீட்டர் வைத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், அதுவரை முழுப் பணத்துக்கும் நாம்தான் வழி பார்க்க வேண்டும். இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு இணைப்பு இன்னும் காலமான மாமா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன். பெயர் மாற்றம் முடிந்ததும் 2 கிலோவாட்டுக்கு எழுதிப் போட வேண்டும்.