283இல் நிறுத்தியவன்

எங்கள் கணித ஆசிரியர் சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி, ரொறன்ரோவில் பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் வந்தது. மலர்க்குழுவினர் நினைவுக் குறிப்பொன்று கேட்டார்கள். அவருடைய நற்பண்புகளை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். எனக்கு எழுத இருப்பது 1000009 என்ற ஓர் எண்ணைப் பற்றித்தான்.

சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போடுவதற்கு முந்தைய வருடம், 1977இல், தூய கணித வகுப்பில் அவர் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அது முதன்மை எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணா, இல்லையா என்று மறுநாள் வந்து சொல்லச் சொன்னார். ஆயிரத்துக்குக் குறைந்த 168 முதன்மை எண்களில் ஒன்றாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் அதுவும் முதன்மை எண். கல்லடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிக்கன் இலாம்பை வைத்துக்கொண்டு வகுக்கத் தொடங்கினேன். 283ஆல் வகுத்து 170 மீதி வந்தபோது மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதாக இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன். இலாம்பில் எண்ணெய் இருந்தது. 61 எண்களுக்கு வளைந்து கொடுக்காதது இனியா வகுபடப்போகிறது என்று கொப்பியை மூடினேன்.

"முதன்மை எண் சேர், எல்லாத்தாலயும் பார்த்திட்டன்" என்றேன் மறுநாள். அவர் கொப்பியை வாங்கிக் கடைசி வரியில் வெண்கட்டி படிந்த விரலை வைத்தார். "அடுத்தது என்ன, மனே?" 293 என்றேன். "அதைச் செய்யாமலா வந்தாய்?" வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, விடையையும் சொல்லவில்லை. பாடம் முடியும்வரை கொப்பியைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்ற நான், வீம்பில் அந்த ஒரு வகுத்தலை மட்டும் செய்யவேயில்லை.

1984இல் புறப்பட்டு வந்து கணக்காளனானேன். பிறருடைய பேரேடுகளைக் கடைசி வரி வரை சரிபார்ப்பதே தொழிலாயிற்று. ஓய்வுபெற்ற பின்னர்தான் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஒயிலரும் இதே எண்ணை முதன்மை எண்களின் பட்டியலில் சேர்த்திருந்தார் என்று படித்தேன். பார்வை ஏறக்குறைய முற்றாகப் போயிருந்த முதுமையில் அவரே அதைத் திருத்தினார். அக்கட்டுரை அவர் இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 1797இல் அச்சேறியது. 1000, 3 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 1000009 வருவது பார்த்தவுடனேயே தெரியும். 972, 235 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுவே வருகிறது என்று அவர் கண்டார். முதன்மை எண் எதையும் அப்படி இரு விதமாக எழுத முடியாது. அந்த இரண்டு சோடிகளிலிருந்தே காரணிகளையும் பிரித்தெடுக்கலாம். அவை 293, 3413.

சேருக்கு அந்தக் கதை தெரியாமல் இருந்திருக்கும் என்று நம்ப என்னால் இயலவில்லை. அன்று ஒயிலரின் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்திராது. ஆனால் ஒயிலர் பொய் சொல்லவில்லையே. தொலைபேசியில் சொல்வதைவிட ஊருக்குப் போகும்போது கொப்பியோடு போய்க் காட்டலாம் என்று மூன்று வருடங்கள் தள்ளிப்போட்டேன்.

செய்தி வந்த அன்று, சங்கக் கடிதத்தின் பின்புறத்தில் அந்த வகுத்தலைச் செய்தேன். நான்கே படிகள். கடைசிப் படியில் 879 நின்றது. அதிலிருந்து 879 போக, மீதி இல்லை.