வின்ரர் கொப்பி

ஜனவரி 21, செவ்வாய்

சினோ எடுக்கிற (பனி அள்ளுற) வேலை இண்டைக்கு இல்லை, வெறும் குளிர். மூச்சு விட்டால் மீசை விறைக்குது. ஐஸ் உருக எறியிற சாதா உப்பு இந்தக் குளிருக்குச் சரிவராது. மைனஸ் 10க்குக் கீழ போனால் உப்பும் மணலும் ஒண்டுதான். கல்சியம் குளோரைட் எண்டால் வேலை செய்யும், ஆனால் விலை. மூலை வீட்டுக்கு மட்டும் அதில ரெண்டு கை எறிஞ்சன். ஆரும் கேட்கேல்லை.

விழுந்த ஐயாவுக்கு இப்ப எப்பிடி எண்டு மூலை வீட்டு அக்காவுக்கு அனுப்பின மெசேஜில ரெண்டு கோடும் நீலமாகி இருக்கு. பதில் இல்லை.

ஜனவரி 22, புதன்

பதில் இல்லை.

ஜனவரி 25, சனி

மூலை வீட்டுக் கூரைப் பீலித் தண்ணி டிரைவ்வேக்குக் குறுக்காலதான் ஓடுது. பகல்ல கூரையில கிடக்கிறது உருகும், குழாயால இறங்கும், பின்னேரம் வெயில் போனவுடன கண்ணாடி. அதுக்கு மேல மா தூவினமாதிரிக் கொஞ்சம் சினோ விழுந்தால் மிதிக்கிறவனுக்கு என்ன தெரியும்? நவம்பரில அக்காவுக்குச் சொன்னனான், குழாயைப் புல்லுப் பக்கம் திருப்பி விடுங்கோ எண்டு. "இவர் பாப்பார் தம்பி" எண்டவ. இவர் பாக்கேல்லை.

கொன்ராக்டில எழுதினது: 5 சென்ரிமீற்றருக்கு மேல கொட்டினால் வருவம், அடிச்சு முடிய உப்புப் போடுவம். போன சனிக்கிழமை, 18ஆந் திகதி, ஒண்டும் கொட்டேல்லை. அக்காவின்ர ஐயா மகளைப் பாக்க வந்து காரால இறங்கி ரெண்டடி வைச்சவராம். மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அம்புலன்ஸ் வந்தது, போனது. எந்த எலும்பெண்டே எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வீடும் முடிய போனில படம் எடுக்கிறனான், நேரம் விழுகிற மாதிரி. அந்தக் கிழமைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பாக்கிறன். நீலம் கலந்த உப்பு வடிவாத் தெரியுது.

ஜனவரி 29, புதன்

சட்டத்தைத் தேடி வாசிச்சன். ஒன்ராறியோவில தனியார் காணியில விழுந்தால் வழக்குப் போட ரெண்டு வருசம் இருக்கு, முந்தி அதோட சரி. இப்ப சினோவாலயோ ஐசாலயோ விழுந்தவை 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்க வேணும். நேரில குடுக்கலாம், இல்லாட்டிப் பதிவுத் தபால். நாள், நேரம், இடம் எல்லாம் இருக்க வேணும். வீட்டுக்காரருக்கும் அனுப்பலாம், சினோ எடுக்கிற கொன்ராக்டருக்கும் அனுப்பலாம். வீட்டுக்காரருக்கு வந்தால் அவை எனக்கு ஒரு பிரதி அனுப்பத்தான் வேணும். 2021இல இதே நாள், ஜனவரி 29, நடைமுறைக்கு வந்திருக்கு.

கலண்டரை எடுத்து எண்ணினன். மார்ச் 19.

பெப்ரவரி 2, ஞாயிறு

மனிசி முதியோர் இல்லத்தில நைட் முடிச்சு வந்து சப்பாத்துக் கழட்டாமலே கதிரையில இருந்தவ. கேட்டன், விழுந்த வயசாக்கள் எத்தினை நாளில எழும்புவினம்? "மணிக்கட்டெண்டால் ஆறு கிழமை. இடுப்பெண்டால் என்னட்டைக் கேட்காதேங்கோ" எண்டா. பிறகு, "ஏன், இன்னும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ?" இல்லை எண்டன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஒருமாதிரிக் கொட்டினது. எல்லா வீடும் எட்டு மணிக்கு முன்னம் முடிஞ்சுது. மனசு லேசா இருக்கு. புளோவர் சத்தத்துக்குள்ள நிக்கேக்க ஒரு யோசனையும் வராது, அதுதான் இந்தத் தொழிலில எனக்குப் பிடிச்சது.

பெப்ரவரி 12, புதன்

இரவுக்குப் பெரிசு வருதாம். சிவப்பனுக்கு, அதான் என்ர பெரிய சினோ புளோவருக்கு, எண்ணெய் பாத்தாச்சு. காஸ், அதான் பெற்றோல், ரெண்டு கலன் புதுசா அடிச்சாச்சு. பழைய காஸ் காபரேட்டரில பசையாப் பிடிச்சு, தேவையான அண்டு பாத்துத்தான் கழுத்தறுக்கும். குழலுக்குள்ள சமையல் எண்ணெய் ஸ்பிரே. மனிசி தோசைக்கு வைச்ச டப்பா. சொல்லேல்லை.

பெப்ரவரி 13, வியாழன்

விடிய மூண்டரைக்கு வெளிக்கிட்டு இப்பத்தான் வந்தன், பின்னேரம் ஐஞ்சு. கை இன்னும் அதிருது, எழுத்துக் கோணல்.

சிவப்பன் ரெண்டு கட்டம். முன்னுக்குத் திருகு மாதிரிச் சுத்துறது சினோவை நடுவுக்கு இழுக்கும், பின்னால இருக்கிற விசிறி அதைக் குழலால தூக்கி எறியும். சின்னனுக்கு ஒண்டுதான், ரப்பர் தகடு நிலத்தைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போகும். இன்டர்லொக் கல்லுப் பதிச்ச வீடுகளுக்குச் சின்னன் நல்லம். ஆனால் இண்டைக்குச் சின்னன் செத்துப்போச்சு, உயரத்துக்குத் தாக்குப் பிடிக்கேல்லை. எனக்கு உதவிக்கு வாற பொடியன் சவளால ரெண்டு வீடு வெட்டினவன்.

உண்மையான வேலை டிரைவ்வேயில இல்லை, அது றோட்டைத் தொடுற வாயில. நாங்கள் எல்லாம் துப்பரவாக்கி முடிய நகரசபை ட்ரக் வந்து றோட்டுச் சினோவைத் தள்ளி வாசலுக்குக் குறுக்கால வரம்பு கட்டிப்போட்டுப் போகும். உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் கலந்த வரம்பு. அதை அடிக்கேக்கதான் ஷியர் பின் உடையும். உடையத்தான் அந்தப் பின் இருக்கு. அது உடையாட்டி கியர்பொக்ஸ் உடையும். சட்டைப் பையில எப்பவும் ஒரு பிடி வைச்சிருப்பன். திரும்ப வந்து வரம்பை வெட்டிக்கொண்டு நிக்க, அடுத்த தெருவில இருந்து போன்: "அண்ணை, எங்கட வீட்டை மறந்திட்டியளோ?" மறக்கேல்லை அக்கா. விடிய அஞ்சுக்கே அடிச்சது. போய்ப் பாத்தால் வரம்பு.

ஒரு இடத்தில குழல் அடைச்சுது, ஈரச் சினோ. பொடியன் கையை விடப் போனான். நான் கத்தின கத்து ரெண்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும். எஞ்சின் நிண்டாலும் அந்த விசிறி முறுக்கோட நிக்கும், அடைச்சது விட்டவுடன ஒருக்காச் சுத்தும். விரல் போன ஆக்களை எமேர்ஜென்சியில பாத்திருக்கிறன். அதுக்கெண்டு ஒரு தடி மெசினிலயே கொழுவியிருக்கு. முகம் கறுத்துப்போச்சு பொடியனுக்கு. "சாரி அண்ணா" எண்டான், கோயம்புத்தூர்க்காரன். பிறகு ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையில கோப்பி வாங்கிக் குடுத்தன்.

மூலை வீட்டைக் கடைசியா விட்டன். கதவு மணியில கமரா. நான் உப்புப் போடேக்க அதுக்கு நேர நிண்டு, வாளியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுப் போட்டன். படம் எடுத்தன். கமரா என்னை எடுத்தது. ஜன்னல் திரை அசைஞ்சமாதிரி.

பெப்ரவரி 15, சனி

திரும்பவும் தொடங்கிட்டுது.

பெப்ரவரி 16, ஞாயிறு

வியாழக்கிழமையான் இன்னும் போகேல்லை, அதுக்கு மேல இது. எறிய இடமில்லை. ரெண்டு பக்கமும் நெஞ்சுயரம். றோட்டில தள்ளக்கூடாது, அது சட்டம். பக்கத்து வீட்டுப் பக்கம் எறியக்கூடாது, அது சண்டை. சுவரோரம் எறியலாமெண்டால் அங்கை ரெண்டு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டு நிக்கும், ஃபேர்னஸ் மூச்சு விடுற குழாய். அதை மூடினால் ஒண்டில் ஹீற்றர் நிண்டுபோகும், இல்லாட்டிப் புகை உள்ளுக்கை திரும்பும். பொடியனை முதல்ல போய் ஒவ்வொரு வீட்டிலயும் அந்தக் குழாயைக் கையால துடைக்கச் சொன்னன். ஆரும் இதுக்குக் காசு தாறேல்லை, ஆரும் கவனிக்கிறதும் இல்லை.

சீசனுக்கு ஒரே காசு எண்டு நவம்பரில கை நீட்டி வாங்கேக்க நல்லாத்தான் இருந்தது. சினோ கொட்டாட்டி எனக்கு லாபம். இந்தக் கிழமையோட அந்த லாபமெல்லாம் காஸாப் போச்சு.

பெப்ரவரி 17, திங்கள்

ஃபமிலி டே. பிள்ளையள் கேட்டினம் எங்கை போறமெண்டு. கட்டிலுக்கு எண்டன்.

பெப்ரவரி 20, வியாழன்

கனடா போஸ்ட் அட்டை கதவில ஒட்டியிருக்கு. ஆளில்லாத நேரம் வந்திருக்கினம். கையெழுத்து வைச்சு எடுக்கிற தபால், நாளைக்கு ஒரு மணிக்குப் பிறகு மருந்துக்கடைக்குள்ள இருக்கிற போஸ்ட் ஒஃபிசில. அனுப்பினது ஆரெண்டு போடேல்லை.

இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி எடுத்தன். அதில தங்களுக்கு "உடனே" தெரியப்படுத்த வேணும் எண்டு இருக்கு. உடனே எண்டால் எப்ப? அறிவிப்பு வந்த உடனேயோ, விழுந்த உடனேயோ? விழுந்தது எனக்குத் தெரியும். தெரியப்படுத்தினால் வருசக் கட்டணம் ஏறும், ஏறினால் இந்தத் தொழில் முடிஞ்சுது. சின்னச் சினோக்காரருக்கு இன்சூரன்ஸ் கிடைக்கிறதே இப்ப பெரும்பாடு. தெரியப்படுத்தாட்டி, நாளைக்கு "பிந்திச் சொன்னனீ" எண்டு கைவிடுவினம். மனிசியை எழுப்பிக் கேட்கலாமெண்டு மாடிப்படி வரைக்கும் போனன். நைட் செய்தவ, படுக்கட்டும்.

மணி ரெண்டு. வெளியில ட்ரக் பின்னால எடுக்கிற சத்தம். சினோவை அள்ளிக்கொண்டு போயினம்.

பெப்ரவரி 21, வெள்ளி

மகளின்ர பாஸ்போர்ட்.

கடைக்குள்ள நிண்டு சிரிச்சன், மருந்து குடுக்கிற பிள்ளை பாத்தது.

பெப்ரவரி 25, செவ்வாய்

மாகாணத் தேர்தல் வியாழக்கிழமை. புல்லுத்தரையெல்லாம் கட்சித் தட்டி, பாதி சினோவுக்குள்ள தாண்டு கிடக்கு. ஒண்டின்ர கம்பிக் காலைச் சிவப்பன் இழுத்து விழுங்கினது. பின் ரெண்டும் டக்கெண்டு போச்சு. கம்பியை உருவி எடுக்க அரை மணித்தியாலம். எந்தக் கட்சி எண்டு எழுத மாட்டன்.

மார்ச் 3, திங்கள்

கோயிலில அக்காவைத் தூரத்தில கண்டன். அவ என்னைக் கண்டவவோ தெரியாது. பிரசாத வரிசையில நிக்காமல் வந்திட்டன். பொங்கல் மணம் கார் வரைக்கும் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியாச்சு. குவியலெல்லாம் கறுத்து இறுகிக் கிடக்கு. பகல்ல உருகுது, இரவில உறையுது. இப்பத்தான் மோசமான காலம். கொன்ராக்டில இல்லாட்டியும் பின்னேரம் பின்னேரம் போய் மூலை வீட்டில அந்தக் கோட்டில உப்புப் போட்டு வாறன். பொடியன் கேட்டான், "எதுக்கு அண்ணா, காசா கொடுக்கிறாங்க?"

பீலிக் குழாய் அப்பிடியேதான் கிடக்கு.

மார்ச் 15, சனி

பொடியனுக்கு மிச்சக் காசு குடுத்தாச்சு. வகுப்புத் தொடங்குதாம், ஏப்ரலில வர மாட்டான். அடுத்த வின்ரருக்கும் வருவியோ எண்டு கேட்டன். தலையை ஒரு பக்கமா ஆட்டினான். அது ஓமோ இல்லையோ, கோயம்புத்தூர்க்காரருக்குத்தான் வெளிச்சம்.

மார்ச் 19, புதன்

இண்டைக்கு.

தபால்காரர் வந்தவர். மின்சாரப் பில், பீட்சா விளம்பரம்.

சட்டத்தில இன்னொரு வரி இருக்கு, அண்டைக்கு வாசிச்சும் எழுதேல்லை. நியாயமான காரணம் இருந்து, அதால எதிராளிக்குப் பாதிப்பும் இல்லையெண்டால், பிந்தினாலும் நீதிபதி ஏற்கலாமாம். ஒரு வயசான மனிசன் கால் கட்டோட ஆசுப்பத்திரியில கிடந்தால் அது நியாயமான காரணமோ? நீதிபதியா நான் இருந்தால் ஓம் எண்டுதான் சொல்லுவன்.

மார்ச் 22, சனி

சிவப்பன்ர காஸை வடிச்சு, ஓடவிட்டு, காய விட்டாச்சு. கீழ் விளிம்புத் தகடு நல்லாத் தேஞ்சுபோச்சு. நவம்பருக்கு முன்னம் மாத்த வேணும்.

பின்னேரம் வட்ஸ்அப். மூலை வீட்டு அக்கா. எத்தினை மாதத்துக்குப் பிறகு. கை நடுங்கித்தான் திறந்தன்.

"தம்பி சம்மருக்குப் புல்லு வெட்டுவியளோ? எவ்வளவு?"

வேற ஒண்டும் இல்லை. ஐயாவைப் பற்றி ஒரு சொல்லு இல்லை. ஒருக்காவுக்கு 30 எண்டு அடிச்சன். பிறகு ஐயா எப்பிடி எண்டு அடிச்சன். அழிச்சன். பீலிக் குழாயையும் நானே திருப்பி விடுறன் எண்டு சேர்த்தன், அதுக்குக் காசு வேண்டாம் எண்டும்.

30 காணாது. 40.