டிபிபிஏ நாட்குறிப்பு: கசிந்த பக்கங்கள்

14 நவம்பர் 2013

நேற்று விக்கிலீக்ஸ் வெளியிட்டுவிட்டது. பசிபிக் கரை நாடுகள் பேசிவரும் வர்த்தக ஒப்பந்தமான டிபிபிஏவின் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயம், 95 பக்கம், ஆகஸ்ட் 30 தேதியிட்ட வரைவு. 2010 முதல் பேச்சு நடக்கிறது. பன்னிரண்டு நாடுகள், அதில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. ஆனாலும் சாதாரண ஆள் ஒருவர் இதன் ஒரு வரியைக்கூட இதுவரை முறைப்படிப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் அறுநூறு பேருக்கு மேல் ‘ஆலோசகர்’ என்ற பெயரில் வரைவைப் பார்க்க அனுமதி பெற்றிருக்கிறார்கள், பெரும்பாலும் நிறுவனங்களின் ஆட்கள்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடித்துப்போனது. உடன்பாடு ஆகாத இடங்களெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கின்றன. எந்த நாடு முன்மொழிகிறது, எந்த நாடு எதிர்க்கிறது என்று பக்கத்திலேயே நாட்டின் சுருக்கப் பெயர் இருக்கிறது. பதிப்புரிமைக் காலத்தைப் பாருங்கள். ஆசிரியர் இறந்தபின் 70 ஆண்டு வேண்டும் என்கிறது அமெரிக்கா. மெக்சிகோ 100 ஆண்டு கேட்கிறது! மலேசியாவில் இப்போது 50. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது தெரியாமல் எந்த அமைச்சரிடம் போய் எதைக் கேட்பது? இந்தச் சுருக்கெழுத்துகள்தான் எனக்கு 95 பக்கத்திலும் முக்கியமானவை.

17 நவம்பர் 2013

ஒப்பந்தத்தை எதிர்க்கும் எங்கள் குழுவுக்காகத் தமிழில் துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில். முதல் வரைவை எழுதித் தந்தவர் ‘இனி இணையமே இருக்காது’ என்று தொடங்கியிருந்தார். அடித்துவிட்டேன். சண்டை வந்தது. “பயமுறுத்தாமல் யார் கையெழுத்து போடுவார்கள்?” என்றார். பயந்து கையெழுத்து போட்டவர், அப்படியெல்லாம் இல்லை என்று அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டதும் திரும்பிப் போய்விடுவார் என்பது என் எண்ணம். பிரிவு எண்ணைக் காட்டி எழுதினால் மறுப்பது கஷ்டம்.

டிஜிட்டல் பூட்டை எடுத்துக்கொண்டோம். காசு கொடுத்து வாங்கிய மின்னூலில் ஒரு பூட்டு. பார்வையற்ற ஒருவர் அதைத் திரைவாசிப்பானில் கேட்பதற்காகப் பூட்டை உடைக்கிறார். நூலை நகலெடுத்து விற்கவில்லை, யாருக்கும் நட்டமில்லை. இருந்தும், அமெரிக்க முன்மொழிவின் போக்கில் பூட்டை உடைத்ததே தனிக் குற்றம். விதிவிலக்கு வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு மேல் பயமுறுத்தல் எதற்கு?

22 ஜூன் 2014

இன்னொரு கசிவு, இன்னொரு ஒப்பந்தம்: டிசா. சேவைகள் வர்த்தகம் பற்றியது. நிதிச் சேவைக்கான இணைப்பு வெளியாகியிருக்கிறது. அட்டையிலேயே எழுதியிருக்கிறார்கள், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் ரகசியம் நீங்குமாம். டிபிபிஏவுக்கு நான்கு ஆண்டு. சட்டம் அமலாகி எல்லோரும் அதற்குள் வாழ்ந்து பழகிய பிறகு, அது எப்படிப் பேசி முடிக்கப்பட்டது என்று படித்துக்கொள்ளலாம்.

17 அக்டோபர் 2014

டிபிபிஏ அத்தியாயத்தின் புதிய வரைவும் கசிந்தது. இந்தத் தடவை வணிக ரகசியப் பகுதிதான் உறுத்துகிறது. கணினியில் உள்ள ஒரு நிறுவனத்தின் ரகசியத்தை அனுமதியின்றி எடுத்தால் குற்றவியல் நடவடிக்கை. ஊழலை அம்பலப்படுத்தும் ஊழியரும் பத்திரிகையாளரும் இதில் எங்கே நிற்பார்கள்? குழுவில் சட்டம் படித்த அக்கா இரவு முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தார்.

25 ஜூன் 2015

‘ஃபாஸ்ட் டிராக்’ மசோதா அமெரிக்க செனட்டில் 60-38 என்று நிறைவேறியது. முந்தின வாரம் பிரதிநிதிகள் சபையில் 218-208. நூலிழை.

“அவங்க ஊர் மசோதாவுக்கு நாம ஏன் தூக்கம் கெடணும்?” என்று தம்பி கேட்டான். காரணம் இருக்கிறது. இந்த அதிகாரம் கிடைத்துவிட்டால் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை முழுதாக ஏற்கலாம், அல்லது முழுதாக மறுக்கலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மற்ற நாடுகளும் இதற்குத்தான் காத்திருந்தன. பின்னால் திருத்தப்படாது என்ற உறுதி வராமல் யாரும் தங்கள் கடைசிச் சலுகையை மேசையில் வைக்கமாட்டார்கள் அல்லவா? ஆக, மசோதா தேங்கியவரை பேச்சும் தேங்கியது. அங்கே தொலைபேசியில் அழைத்து அழைத்து உறுப்பினர்களைத் துளைத்தெடுத்தவர்கள் உலகம் முழுக்க எங்களுக்கெல்லாம் நேரம் வாங்கித் தந்தார்கள்.

அந்த உறுப்பினர்களின் நிலையும் பரிதாபம்தான். தனி அறைக்குப் போய்ப் படிக்க வேண்டும். குறிப்பெடுத்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். வாக்களிக்கப் போகிறவருக்கே இந்தக் கதி.

6 நவம்பர் 2015

முழு உரையும் நேற்று அதிகாரபூர்வமாக வெளிவந்தது. முப்பது அத்தியாயம். நான் நேராக 18-க்கு, அறிவுசார் சொத்துரிமைக்குப் போனேன்.

பதிப்புரிமை 70 ஆண்டு, அமெரிக்கா கேட்டபடியே, பிரிவு 18.63. டிஜிட்டல் பூட்டு 18.68. இணையச் சேவை நிறுவனங்கள் புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது 18.82. வணிக ரகசியம் 18.78, அதில் ஓர் அடிக்குறிப்பு: சட்டமீறலை நல்லெண்ணத்தோடு வெளிப்படுத்துபவரை ஒரு நாடு பாதுகாத்தால் இந்தப் பிரிவு குறுக்கே நிற்காது. பாதுகாக்கலாம், சரி. பாதுகாத்தாக வேண்டும் என்று மட்டும் எங்கும் இல்லை. உரிமையாளர்களுக்கானது எல்லாம் கட்டாயம், மக்களுக்கானது எல்லாம் விருப்பம். அத்தியாயம் முழுக்க இதே பாங்கு.

நியாயமாகச் சொன்னால் 2013 வரைவைவிடச் சில இடங்களில் மென்மையாகியிருக்கிறது. கனடா தன் முறையைக் காப்பாற்றிக்கொண்டது. அங்கே புகார் வந்தால் நிறுவனம் அதைப் பயனருக்கு அனுப்பி வைத்தால் போதும், பக்கத்தை நீக்கத் தேவையில்லை. அதற்கென்றே ஓர் இணைப்பு சேர்த்திருக்கிறார்கள். அந்த விலக்கு மலேசியாவுக்குக் கிடையாது. கனடா கேட்டது, வாங்கியது. எங்கள் தரப்பு கேட்டதா என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

28 ஜனவரி 2016

மலேசிய மக்களவை நேற்று ஒப்புதல் தந்தது. ஆதரவு 127, எதிர்ப்பு 84. மேடைகளில் பெரும்பாலும் மருந்து விலையைப் பற்றியே பேசினார்கள், அது சரியான கவலையும்கூட. இணையம் கடைசி வரியில் வந்துபோனது. நோயாளியின் மாத்திரைக்கு முன்னால் மின்னூல் பூட்டைப் பற்றிப் பேச எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில்தான் இருக்கின்றன என்பதை மட்டும் போன இடமெல்லாம் சொன்னேன்.

5 பிப்ரவரி 2016

நேற்று ஆக்லாந்தில் கையெழுத்து. வெளியே தெருக்களில் போராட்டம்.

24 ஜனவரி 2017

அமெரிக்கா விலகிவிட்டது. டிரம்ப் நேற்று கையெழுத்திட்டார். ஒப்பந்தத்தின் சொந்த விதிப்படி அமெரிக்கா இல்லாமல் இது நடைமுறைக்கே வர முடியாது.

காலையிலிருந்து வாழ்த்துச் செய்திகள். பதில் போட மனம் வரவில்லை. 2012-ல், போலிப் பொருளுக்கும் பதிப்புரிமை மீறலுக்கும் எதிரானது என்று வந்த ஆக்டா ஒப்பந்தம் விழுந்ததே, அது வேறு. அந்த ஜனவரியில் போலந்து எம்.பி.க்கள் முகமூடியைப் பிடித்துக்கொண்டு அவையில் நின்றார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதைப் பரிசீலிக்கும் பொறுப்பில் இருந்த காதெர் அரிஃப், இந்த நாடகத்தில் எனக்குப் பங்கில்லை என்று விலகினார். பிப்ரவரிக் குளிரில் ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 4-ல் 478 பேர் எதிர்த்தும் 39 பேர் ஆதரித்தும் வாக்களித்து அதை முடித்துவைத்தார்கள். ரகசியமாகப் பேசியது தவறு என்பதும் அந்த வாக்கெடுப்பில் சேர்ந்தே தீர்ப்பானது. இப்போது நடந்தது அப்படியில்லை. டிரம்புக்குப் பூட்டும் தெரியாது, 18.78-ம் கவலையில்லை. ரகசியப் பேச்சு தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முறை அப்படியே பத்திரமாக இருக்கிறது.

12 நவம்பர் 2017

வியட்நாமின் டா நாங்கில் மிச்சமுள்ள பதினோரு நாடுகளும் ஒப்பந்தத்தை எழுப்பி உட்கார வைத்துவிட்டன. இருபது அம்சங்கள் நிறுத்திவைப்பு. பட்டியலைப் பார்த்துவிட்டு அக்காவை அழைத்தேன். 70 ஆண்டு, டிஜிட்டல் பூட்டு, சேவை நிறுவனப் பொறுப்பு, மூன்றும் அதில் இருக்கின்றன! 2013-ல் அடைப்புக்குறிக்குள் எதிர்த்துக்கொண்டிருந்த நாடுகள், அழுத்தியவர் எழுந்து போனதும் முதலில் கழற்றியது இவற்றைத்தான். கசிந்த அந்தப் பக்கங்களை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். யார் மனதில் என்ன இருந்தது என்று அப்போதே எழுதியிருந்தது.

9 மார்ச் 2018

சிலியின் சாந்தியாகோவில் நேற்று கையெழுத்து ஆகிவிட்டது. நிறுத்திவைப்பு இப்போது 22. நீக்கம் இல்லை, கவனிக்கவும். உறுப்பு நாடுகள் எல்லாம் சம்மதித்தால் அவை திரும்ப உயிர் பெறும்.

நிறுத்தப்படாமல் தப்பியது மின்வணிக அத்தியாயத்தின் பிரிவு 14.17. பொதுச் சந்தையில் விற்கும் மென்பொருளை இறக்குமதி செய்யவோ விற்கவோ அதன் மூலநிரலை (சோர்ஸ் கோட்) காட்டு என்று அரசு நிபந்தனை போடக்கூடாது என்கிறது. முக்கிய உள்கட்டமைப்புக்கான மென்பொருளுக்கு இது பொருந்தாது, அதுவரை ஆறுதல். ஒரு மென்பொருள் பயனரை எப்படி எடை போடுகிறது, வீட்டு ரவுட்டருக்குள் என்ன ஓட்டை இருக்கிறது என்று அரசு விற்பனைக்கு முன்பே பார்க்க விரும்பினால்? இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் நாங்கள் யாரிடமும் சத்தமாகக் கேட்டதில்லை. பதிப்புரிமைச் சண்டையில் மின்வணிக அத்தியாயத்தை ஆளே திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து ஆர்செப், ஆசிய-பசிபிக் நாடுகளின் இன்னொரு வர்த்தக ஒப்பந்தம். பதினாறு நாடுகள், இந்தியா, சீனா எல்லாம் உண்டு. பேச்சு 2012-லேயே முடிவெடுத்துத் தொடங்கியது, வரைவு வழக்கம்போல் வெளியே வரவில்லை. அறிவுசார் சொத்துரிமைப் பகுதியின் ஒரு பழைய வரைவு மட்டும் கசிந்து கிடக்கிறது. அதை அக்கா எடுத்துக்கொண்டார். மின்வணிகம் எனக்கு.